போர்வைக்குள் ஒரு ராஜா

கண்ணை இறுக்கி மூடக்கூடாது, இறுக்கினால் நடிப்பது தெரிந்துவிடும் என்று ராஜாவின் காதில் தாய் சொன்னாள். வாசலில் கூட்டம் வந்துவிட்டது. ராஜா உள்ளேதான் இருக்கிறாரா, தாய்க்காரி கடத்திவிட்டாளா என்று கண்ணால் பார்க்காமல் அவர்கள் திரும்பப் போவதில்லை.

ராஜாவுக்கு வயது ஒன்பது, பெயர் நிதின். கூட்டம் வந்திருந்தது பாரிஸ் அரண்மனைக்கு அல்ல. நியூசிலாந்தில், பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் ஒரு வாடகை வீட்டுக்கு.

டிசம்பர் மாதம், அங்கே கோடை. இரவுச் சாப்பாடு முடிந்தும் வெயில் போகவில்லை; திரையை இழுத்துவிட்டும் அறை இருட்டாகவில்லை. ஸ்வர்ணா போர்வையை மகனின் கழுத்துவரை இழுத்து, காலடியில் செருகினாள். கையில் ஏதோ கெட்டியாக இடித்தது. பையன் ஷூ போட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

அவள் போடச் சொல்லவில்லை. இருந்தும் அந்தப் பதற்றத்தில்கூட அவளுக்குப் பெருமையாக இருந்தது. கதையை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறான்.

அது அவள் மாலை வகுப்பில் கேட்டுவந்து அவனுக்குச் சொன்ன கதை. கணவன் பிரசாத் இறந்த பிறகு, வாரத்தில் ஒரு நாளாவது நாலு பேரோடு உட்காரலாமே என்று நகர மையத்தில் வரலாற்று வகுப்பில் சேர்ந்திருந்தாள். பிரான்சில் பதினான்காம் லூயி தகப்பனை இழந்தபோது நாலு வயதுப் பிள்ளை. பேருக்கு அவன் ராஜா, ஆண்டது தாய். பிரபுக்கள் கலகம் செய்தார்கள். எங்களுக்கு ராஜாமேல் கோபமே இல்லை, அவரைச் சுற்றியிருப்பவர்கள்மேல்தான் என்று சொல்லிக்கொண்டே செய்தார்கள்.

தாய் மகனோடு தப்பப் பார்க்கிறாள் என்று ஒரு நாள் செய்தி கசிந்தது. ஜனங்கள் அரண்மனைக்குள் புகுந்தார்கள். புறப்படத் தயாராக இருந்த பையனை, போட்ட உடுப்போடும் காலணியோடும் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, அவள் கதவைத் திறந்துவிட்டாள். தூங்கும் பிள்ளையை வரிசையாக வந்து பார்த்துவிட்டு, எல்லோரும் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள்.

ஸ்வர்ணாவின் பிரபுக்கள் அதே நகரத்தின் மறுகோடியில், பக்குரங்காவில் இருந்தார்கள். பிரசாத்தின் அண்ணன் சுப்பிரமணியன், அவர் மனைவி சுந்தரி, தங்கை ரஷ்மி. மாதா மாதம் தம்பிக்குத் திதி கொடுப்பவர் சுப்பிரமணியன்தான். ஆனால் பிள்ளை தன் கையால் தர்ப்பையைத் தொட்டுக் கொடுத்தால்தான் பெரியப்பா அவனுக்குப் பதிலாகச் செய்ய முடியும். அதற்காக நிதினைக் கூட்டிப் போனவர்கள் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தாமதமாகத் திருப்பி அனுப்பினார்கள். நீ மருத்துவமனையில் ஷிப்ட் பார்க்கிறாய், பையன் எங்களோடு இருக்கட்டும் என்றார்கள். முதலில் அதை அனுமதியாகக் கேட்டார்கள், பிறகு முடிவாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவள் அனுப்பவில்லை. பெரியப்பா போன் செய்தால், தூங்குகிறான் என்றாள். தெற்கே வெகுதூரத்தில், டனீடின் நகரில் ஒரு வேலை தேடிக்கொண்டாள். மறுநாள் காலையில் விமானம். பெட்டிகள் துணி துவைக்கும் அறையில் துணிக்குவியலுக்குப் பின்னால் இருந்தன. விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது.

பிரசாத் போய்விட்டான். இவனும் போனால் தனக்கென்று எதுவும் மிச்சமில்லை என்று நினைத்தாள். போய் வாசல் கதவைத் திறந்தாள்.

"ஃபிரெஞ்சு ராஜா கதை கேக்கப் போக நேரமிருக்கு, புள்ளைய ஒரு எட்டு அனுப்ப நேரமில்ல," என்றபடி சுந்தரி செருப்பைக் கழற்றினாள்.

"நிதின் தூங்கறான் அக்கா."

"எப்பக் கேட்டாலும் தூங்கறான். நியூசிலாந்துலயே அதிகமாத் தூங்கற புள்ள நம்ம புள்ளதான்," என்றாள் ரஷ்மி.

சுப்பிரமணியன் குரலைத் தாழ்த்தினார். "பார்த்தா போதும்மா. பார்த்துட்டுப் போயிடறோம்."

ஸ்வர்ணா மறுக்கவில்லை. அந்த ராணியைப்போலவே அறைக் கதவை அகலத் திறந்து, விலகி நின்றாள்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சண்டைக்கு வந்த சுந்தரி, தலையணையில் சாய்ந்திருந்த முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தூங்கும்போது அப்படியே பிரசாத். படம் எடுக்கப் போனை நீட்டிய ரஷ்மி அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள். தப்பாக நினைக்காதீர்கள் அண்ணி, யாரோ என்னென்னவோ சொன்னார்கள் என்று முணுமுணுத்தாள்.

கடைசியாக சுப்பிரமணியன் கட்டிலருகே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கண்ணைத் திறந்துவிடாதே, திறந்துவிடாதே என்று ஸ்வர்ணா உள்ளுக்குள் மன்றாடினாள். இந்த ஒரு நிமிடம் கடந்துவிட்டால் போதும், ஆயுசு முழுவதும் பிள்ளை அவளுடையவன்.

அவர் சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, பையன் நெற்றியில் இட்டார். "நல்லாத் தூங்கட்டும்," என்று திரும்பினார். ஸ்வர்ணாவுக்கு மூச்சு வந்தது.

போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டு அவர் விரலைப் பிடித்தது. வீட்டில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் பிள்ளை, கண்ணைத் திறந்து, தெளிவான தமிழில் சொன்னான்:

"என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க, பெரியப்பா."