கிண்ணத்தைச் சுற்றிய கோடு

"இதே மாதிரி இன்னொன்னு என் கண்ணு முன்னால செஞ்சு காட்டுங்க. ஓட்டல் ஆர்டர் முழுசும் உங்களுக்குத்தான்."

ஓட்டல்களுக்குச் சாமான் பிடித்துக் கொடுக்கும் கடைக்கார அம்மாள் மரக்கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆர்டர் எங்களுக்கு வேண்டும். கட்டாயம் வேண்டும்.

அது என் மனைவி பொழுதுபோக்காகக் கடைந்து, சிநேகிதிக்குப் பரிசாகக் கொடுத்த கிண்ணம். அங்கே பார்த்துவிட்டு, அதைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் இந்த அம்மாள் தேடி வந்திருக்கிறார். ஒன்று அழகாக அமைந்துவிடுவது யாருக்கும் நடக்கும். அதையே மறுபடி கொண்டுவந்தால்தான் அது தொழில்.

அதிலும் அந்தக் கோடு!

விளிம்புக்குக் கீழே ஆழமாகத் தொடங்கி, கிண்ணத்தை ஒன்றரைச் சுற்று சுற்றி, அடியில் மெலிந்து மறைகிற கோடு. அம்மாள் மயங்கியதே அதில்தான். அது உளி நழுவி விழுந்த கீறல் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

நழுவியதை யாரால் திரும்பச் செய்ய முடியும்? தடுக்கி விழுந்தவனை, அதே மாதிரி இன்னொரு தரம் விழு என்று சொல்வது போலத்தான். கொஞ்சம் பிசகினால் கிண்ணம் பிளந்து முகத்துக்கே பறந்து வரும்.

மனைவி முகக் கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, கடைசல் எந்திரத்தில் கட்டையைப் பொருத்தி ஓடவிட்டாள்.

சுருள் சுருளாக மரச்சீவல் என் காலடியில் கொட்டியது. பெருக்கித் தள்ளுவது இப்போது என் இலாகா.

கட்டை உருண்டது. குழிந்தது. கிண்ணமானது.

உளியை விளிம்புக்குக் கீழே வைத்தவள், ஒரு கணம் மூச்சை நிறுத்தினாள். நானும்தான்.

மணிக்கட்டை லேசாகத் தளரவிட்டாள். கிரீச்சென்று ஒரு சத்தம். நான் துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன்.

திறந்தபோது எந்திரம் நின்றிருந்தது.

மேசைமேல் இரண்டு கிண்ணங்கள். பழையதில் எண்ணெய் மினுக்கு இருந்தது. அதை விட்டால் வித்தியாசமே இல்லை. அதே ஆழம், அதே ஒன்றரைச் சுற்று, அடியில் அதே மெலிவு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் கூடவே குடித்தனம் நடத்தியும், இந்தக் கையை இன்றுதான் பார்க்கிறேன்.

அம்மாள் கோட்டை விரலால் தடவினார். "ஆர்டர் உங்களுக்குத்தாம்மா. ஆமா, இந்தக் கோடு எப்படித் தோணுச்சு?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"தானா வந்துச்சு."

நான் குனிந்து பெருக்க ஆரம்பித்தேன்.

அன்று நட்டநடுப் பகலில், ஆபீஸ் பையும் கையுமாக இதே வாசலில் வந்து நின்று, எனக்கு வேலை போய்விட்டது என்று சொன்னேன். அந்த நொடியில் நழுவிய உளி அது.

இன்று அவளாகவே அதை நழுவவிட்டாள்.