நான்காம் இடம்

நான்காவது இடத்துக்கு வேறு எந்தக் கல்லூரியின் பெயராவது வரட்டும் என்று ஏணி வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய உயரத்துக்குத் தோழிகள் வைத்த பெயர் அது.

அவளைச் சுற்றி, உடை மாற்றும் அறையின் தொலைக்காட்சி முன்னால், கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி மொத்தமும் அதே நான்காவது இடத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தரவரிசையில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்துவிட்டால் போட்டியின் முதல் இரண்டு ஆட்டங்களும் சொந்த அரங்கத்தில். ஐந்தாவது என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் அரங்கத்துக்குப் போக வேண்டியதுதான்.

பெயரை வாசித்தார்கள். இவர்களுடைய கல்லூரிதான்.

பெஞ்சு கவிழ்ந்தது. யாரோ ஒருத்தி ஏணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஏணி அவளை இறக்கிவிட்டு, கவிழ்ந்த பெஞ்சை நிமிர்த்தினாள்.

போன வருடமும் இதே அரங்கம்தான். ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நேரத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில், அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. குறுக்கே யாரும் வரமாட்டார்கள். கோட்டில் நின்று நிதானமாகப் போட்டால் போதும். இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன. கடைசி வருட அக்காக்களுக்கு அதோடு எல்லாம் முடிந்துபோனது. அவர்களில் ஒருத்தி இன்றுவரை இவளிடம் பேசுவதில்லை.

வெளியூரில் எதிரணிக் கூட்டம் ஊளையிட்டுக் கூரையைப் பிய்த்தாலும் அவள் குறி தப்பாது. சொந்த அரங்கத்தில்தான் சொதப்பல். மனசு, அழுத்தம் என்று பயிற்சியாளர் அக்காவும் என்னென்னவோ காரணம் சொல்லிப் பார்த்துவிட்டார்.

“நம்ம எடம்டி இது. நீ கோட்டுல நிக்கறப்ப ஒரு ஈ காக்கா வாயத் தெறக்காது, நான் பாத்துக்கறேன்” என்று இப்போது அவள் முதுகில் தட்டினார்.

அதுதான் ஏணியின் பயமே. அந்த அமைதியில் ஒரே ஒரு வாய் மட்டும் திறக்கும்.

ஆலை இரைச்சலிலேயே காலம் தள்ளிக் காது பாதி போனவர் அவள் அப்பா. வெளியூர் ஆட்டங்களுக்கு அவருக்கு லீவு கிடைக்காது. உள்ளூர் என்றால் முதல் ஆளாக வந்து வளையத்துக்குப் பின்னால் இடம் பிடித்துவிடுவார். மகள் பந்தை உயர்த்தும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, “கோட்ட விட்டுடுவா பாருங்க” என்பார். கோடு வரைக்கும் கேட்கும். யாரோ பொறாமைக்காரர் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். இவளுக்குக் கை மரத்துப்போகும். பந்து போகும் போக்கு கையை விட்டுப் போகும்போதே தெரிந்துவிடும்.

மகள் மேல் கண் பட்டுவிடக் கூடாதாம். அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூட வெளியே சொல்லாத மனிதர், அத்தனை பாசம்.

எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்து விழுங்கியிருக்கிறாள். தன்னால்தான் தோற்றார்கள் என்று தெரிந்தால் அவர் அப்புறம் எந்த அரங்கத்துக்கும் வரமாட்டார்.

கைபேசி அடித்தது. அவரும் தொலைக்காட்சி பார்த்திருக்கிறார். குரல் தழுதழுத்தது.

“லீவு சொல்லிட்டேம்மா. போன தடவ அப்பா மெதுவா சொன்னதாலதான் கண்ணு பட்டுடுச்சு. இந்தத் தடவ நல்லா சத்தமா சொல்றேன், நீ கவலப்படாத.”

சரிப்பா என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் ஒரு முறை, உரக்கச் சொன்னாள்.