அதே சிவப்பு

"ஏம்மா, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?" மேனேஜர் மேஜையைத் தட்டினார்.

புரோகிராமர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையின் பெயருக்கு நேராகச் சிவப்பு. அவர்கள் கேட்கிற புதுக் கடனைக் கொடுத்தால் வங்கிக்குத் திரும்பி வராது என்று அர்த்தம்.

"எத்தனை குடும்பம் அந்தத் தொழிற்சாலையை நம்பி இருக்கு தெரியுமா? நாம கைவிட்டா அடுத்த மாசமே பூட்டு போட்டுடுவாங்க."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே! நடுவுல ஏதாவது ஒரு நம்பரைக் கொஞ்சம் தட்டி விடுங்க. பச்சை வந்துட்டுப் போகுது."

மேனேஜருக்கு அந்தக் குடும்பங்கள் மேல் திடீர்ப் பாசம் பொத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் இருந்தது. இந்தக் கடனைக் கொடுத்தால்தான் இந்த வருஷ டார்கெட் முடியும். டார்கெட் முடிந்தால்தான் தலைமை அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி.

முன்பெல்லாம் கவலையே இல்லை. எக்செல் ஷீட்டில் வேண்டிய கட்டத்தில் வேண்டிய நம்பரைப் போட்டு, எந்தச் சிவப்பையும் பச்சையாக்கிவிடலாம். அப்படிப் பச்சையாக்கி வங்கி நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் இந்தக் கணக்கைப் புரோகிராமாக எழுத இவளை வேலைக்கு எடுத்தார்கள்.

"முடியாது சார். இது ஃபங்ஷனல் புரோகிராமிங்ல எழுதினது. ஒரு தடவை வச்ச மதிப்பை நடுவுல யாரும் மாத்த முடியாது. உள்ளே போற தகவல் அதேன்னா, வெளியே வர்ற விடையும் அதேதான். நீங்க ஓட்டினாலும் சரி, நான் ஓட்டினாலும் சரி."

"எழுதினவங்க நீங்கதானே? உங்களாலகூடவா முடியாது?"

"என்னாலயும் முடியக்கூடாதுன்னுதான் சார் அப்படி எழுதினேன். நாம கொடுக்கிறது டெபாசிட் போட்டவங்க பணம். அவங்களுக்கும் குடும்பம் இருக்கு."

மேனேஜர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

"பொம்பளையா அது? ராட்சசி!" என்று சாப்பாட்டு அறையில் பொரிந்து தள்ளினார். கேட்டவர்களும் உச்சுக் கொட்டினார்கள். அத்தனை பேர் வயிற்றில் அடிக்க எப்படித்தான் மனசு வந்ததோ!

பாதிச் சாப்பாட்டில் செல்போன் ஞாபகம் வந்தது. கோபத்தில் அவள் மேஜையிலேயே விட்டுவிட்டிருந்தார். எடுக்கத் திரும்பி வந்தவர், வாசலிலேயே நின்றார்.

அறையில் அவள் மட்டும்தான். டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. திரையில் அதே தொழிற்சாலை. பொத்தானை அழுத்தினாள். சிவப்பு. எல்லாவற்றையும் மூடி, திரும்பத் திறந்து, முதலிலிருந்து ஓட்டினாள். சிவப்பு. மறுபடியும் அழுத்தினாள்.

மேனேஜருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. யாரும் இல்லாத நேரத்தில் திருட்டு வேலை! கறாரெல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கிறது.

"மாட்டினீங்களா! எனக்கு முடியாதுன்னு சொல்லிட்டு, இப்ப யாருக்காக மாத்திக்கிட்டு இருக்கீங்க?"

அவள் பதறவில்லை. நாற்காலியை நகர்த்தி அவருக்கு வழிவிட்டாள்.

"பாருங்க சார். எதையும் மாத்தலை."

குனிந்து பார்த்தார். நம்பரில் கைவைப்பது எப்படி என்று அவருக்கா தெரியாது? ஆனால் எல்லாம் காலையில் இருந்த அதே தகவல். ஒரு புள்ளிகூட நகரவில்லை.

"ஒரே தகவலுக்கு ஒரே விடைதான்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க. அப்புறம் எதுக்கு இதையே திரும்பத் திரும்ப அழுத்திக்கிட்டு இருக்கீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

அவள் முடிவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். சிவப்பாகவே அனுப்பினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரருக்கு அங்கதான் சார் வேலை. ஒரு தடவையாவது மாறி வராதான்னு பார்த்தேன்."