ஏழாம் படுக்கை

"ஏழாம் படுக்கையைத் துடைக்கிற பக்கெட்டைக் கொண்டு வாங்க," என்றாள், மருத்துவமனைக்குப் புதிதாக வந்த சுகாதார ஆய்வாளர்.

அதை மட்டும் கேட்காதே என்று காலையிலேயே அவளுக்குச் சொல்லியாயிற்று.

"அந்த பெட் ஆளை விழுங்குது மேடம்," என்றாள் நர்ஸ். "ஒரே மாசத்துல மூணு பேர். புண்ணு சீழ் வெச்சே போயிட்டாங்க."

துப்புரவுப் பெண் பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கிருமிநாசினித் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ மிதந்தது.

"இதுல சோப்புத்தூள் போட்டீங்களா?"

"இல்லைங்க மேடம்," என்றாள் துப்புரவுப் பெண்.

யாரோ கூப்பிட, நர்ஸ் போனாள். உடனே துப்புரவுப் பெண் ஆய்வாளரின் கையைப் பிடித்தாள்.

"தலை பின்னும்போதே சொன்னேனேடி, அம்மா பக்கெட்டைக் கேக்காதேன்னு! முதல் ஆள் செத்ததும் பயந்துட்டேன். நல்லா சுத்தமாகட்டும்னு சோப்புத்தூளை ரெண்டு கை அள்ளிப் போட்டேன்."

"சோப்புக்கு மைனஸ் சார்ஜ்ம்மா, இந்தக் கிருமிநாசினி மருந்துக்கு பிளஸ். ரெண்டும் ஒண்ணையொண்ணு கட்டிக்கிட்டு கிருமியை விட்டுடும். பெட் யாரையும் விழுங்கல."

அம்மாவின் முகம் வெளுத்தது. "ரிப்போர்ட்ல எழுதிடாதேடி. இந்த பக்கெட்தான் உன்னைப் படிக்க வெச்சது."

மகள் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏழுக்கு மட்டும்தானே போட்டே?"

"நேத்திலேருந்து எட்டுக்கும்."

எட்டாம் படுக்கைக்காரர், காலில் கட்டோடு, இவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

மகள் அம்மாவின் கையை உதறினாள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பெரிய டாக்டர் அறைக்கு நடந்தாள்.