நாலாவது கோட்டை

"செத்த இருங்க. இந்தக் குழியத் தாண்டிட்டு வந்து சோறு போடுறேன்."

செம்பட்டி உரக்கடையிலிருந்து மத்தியானப் பசியோடு வந்து நின்ற பொன்னழகுக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். அடுப்படியில் புளிக்குழம்பு அடிப்பிடித்து வாசம் தெரு வரைக்கும் வந்துவிட்டது. பொண்டாட்டி அன்புக்கரசிக்கு மட்டும் அது எட்டவில்லை. டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயர் வைத்த ரிமோட்டை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் தொப்பி போட்ட மீசைக்காரன் ஒருவன் காளானை மிதித்துக்கொண்டு ஓடினான்.

ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் ஆடிய விளையாட்டுதான். ஆனால் இதே விளையாட்டுக்காகத்தான் போன வருஷம் மகன் ரோஹித்தின் முதுகில் இவள் விசிறிக் காம்பை முறித்தாள்.

"ஒரே ஒரு ஆட்டம் எங்கூட ஆடிப் பாரும்மா, உனக்கே புடிக்கும்" என்று அவன் கெஞ்சாத நாள் கிடையாது. ஒரு நாள் உட்கார்ந்தாள். முதல் குழியிலேயே விழுந்தாள். ரிமோட்டைத் தூக்கி எறிந்தாள்.

"குழியில போயி விழுறதுக்கு ஒரு விளையாட்டாடா? படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?"

பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு டிவி கேமைத் தூக்கிப் பரணில் போட்டாள். மகனைத் தூக்கி நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் போட்டாள். இப்போது பிள்ளை அங்கேயே கிடக்கிறான். பரணில் கிடந்தது மட்டும் இறங்கி வந்துவிட்டது.

"பெத்த பிள்ளைய ஆட விடாம வெரட்டிட்டு, இப்ப நீ உக்காந்து ஆடுற. உனக்கே நல்லா இருக்கா புள்ள?"

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொன்னழகுக்குச் சுர்ரென்று ஏறியது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். அந்த விளையாட்டில் கரண்ட் போனால் ஆடியது அத்தனையும் போச்சு. அவள் சண்டைக்கு வரவில்லை. எழுந்து சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் பிளக்கைச் சொருகி, முதல் குழியிலிருந்து ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டு சிவனம்மாள் அவன் காதுபடவே சொன்னாள்: "மகனப் பிரிஞ்ச கவலை கொஞ்சமாச்சும் இருக்கா பாரு."

அவனுக்கும் அதே ஆத்திரம்தான். அதைவிடப் பெரிதாக ஒரு பயமும் இருந்தது. ரோஹித் அம்மாவோடு பேசுவதையே விட்டுவிட்டான். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பார்கள். அவள்தான் கேட்பாள்.

"சாப்பாடு நல்லா இருக்கா அப்பு?"

"ம்."

"நல்லாப் படிக்கிறியா?"

"ம்."

மணி அடிக்கும் முன்னாலேயே எழுந்து போய்விடுவான். இப்படியே போனால் அம்மா வேண்டாம் என்றே ஆகிவிடுவானோ என்பதுதான் பொன்னழகுக்குப் பயம். இவள் என்னடாவென்றால் மீசைக்காரனோடு ஓடிக்கொண்டிருக்கிறாள்.

அந்த மாச ஞாயிறும் வந்தது. ஹாஸ்டல் வராந்தா முழுக்கத் தூக்குவாளியும் பெற்றவர்களும். ரோஹித் குனிந்த தலை நிமிராமல் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தான். அன்புக்கரசி சாப்பாட்டைக் கேட்கவில்லை, படிப்பையும் கேட்கவில்லை.

"ஏன்டா அப்பு, அந்த நாலாவது கோட்டைல எம்புட்டு ஓடுனாலும் வந்த எடமே திரும்பத் திரும்ப வருதே, அது ஏன்டா?"

பொன்னழகு தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இங்கே வந்துமா அந்தப் பேச்சு?

ரோஹித் நிமிர்ந்தான்.

"நீயா ஆடுற?"

"பின்ன, உங்கப்பாவா ஆடுறாரு?"

"மூணு கோட்டை தாண்டிட்டியா? நீயா?"

"தாண்டிட்டேன்டா. இதுலதான் கெடந்து சுத்துறேன்."

"அய்யோ அம்மா, வழி மாறிப் போனா அப்படித்தான் சுத்தும்!" எச்சில் கையாலேயே தட்டின் ஓரத்தில் குழம்பைத் தொட்டுக் கோடு இழுத்தான். "இங்க பாரு. மொதல்ல மேல் வழியாப் போகணும். அடுத்து கீழ எறங்கிரணும். நீ என்ன பண்றே?"

"எடுத்த எடுப்புல கீழயே போறேன்."

"அதான! உனக்கு எப்பவும் அவசரம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து பிள்ளை சிரித்து அவர்கள் பார்க்கவே இல்லை. கோட்டையைப் பேச ஆரம்பித்த வாய் அதோடு நிற்கவில்லை. பக்கத்துக் கட்டில் பையன் குறட்டை விடுவது, ரசம் என்ற பேரில் வெந்நீர் ஊற்றுவது, வந்த புதிதில் போர்வைக்குள்ளே அழுதது, எல்லாம் வந்தது. அழுத கதையைச் சொல்லும்போது அன்புக்கரசி அவன் தலையைத் தடவினாள். அவன் விலகவில்லை.

மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. வாட்ச்மேன் வந்து சத்தம் போட்ட பிறகுதான் உள்ளே போனான். போனவன் திரும்ப ஓடி வந்தான்.

"ம்மா, அடுத்த மாசம் எதுல மாட்டி நிக்கிறன்னு வந்து சொல்லு. நான் சொல்லித் தாரேன்."

திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது பொன்னழகுக்கு மனசு குளிர்ந்து போயிருந்தது. பிளக்கைப் பிடுங்கியதை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லவேளை புள்ள, அந்தக் கோட்டைல போயி நீ மாட்டுன. இல்லாட்டி இன்னைக்கும் 'ம்'முனுட்டுத்தான் போயிருப்பான். சரி, வழிதான் சொல்லிட்டானே, வீட்டுக்குப் போனதும் தாண்டிருவேல்ல?"

அன்புக்கரசி காலித் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"கோட்டை என்னங்க, ஆட்டத்தையே என்னைக்கோ கடைசி வரைக்கும் முடிச்சிட்டேன். பிள்ளைகிட்ட கேக்க ஒரு எடம் வேணும்ல... அதத் தேடித்தான் திரும்பத் திரும்ப ஆடுறேன்."