பச்சை வாஷிங் மெஷின்

"மேடம், கத்தரிக்கோல் மறுபடியும் வெட்டிடுச்சு!"

மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்ததும் ஹாலே சிரித்தது. வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. பதினோரு நாளாக யாரோ போன் செய்கிறார். "வணக்கம், என்ன உதவி வேணும்?" என்று கேட்ட மறுவிநாடி, டக்கென்று வெட்டிவிடுகிறார்.

ஒரு நாளைக்கு நானூறு தடவை என்றார்கள். நாற்பதாகவே இருக்கட்டுமே, வெட்டுப்படாத காது அங்கே இல்லை. வெட்டுவதற்கு முன்னால் ஒரு இருமல் கேட்கும். அதை வைத்து ஆள் வயசானவர் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

தப்பித்த காது இரண்டே இரண்டுதான். இரண்டும் புதுசினுடையவை. நேற்றோடு பயிற்சி முடிந்து, இன்றுதான் அந்தப் பெண்ணைப் போனில் உட்கார வைத்திருந்தார்கள்.

முதல் நாள் சூப்பர்வைசர் மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னொரு ஹெட்போனில் கேட்டு மார்க் போடுவார். தேறாவிட்டால் சாயங்காலமே பெட்டி கட்ட வேண்டியதுதான். லைனில் சொந்தக் கதை பேசினாலோ, சாயங்காலம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

"எப்படியாவது தேறணும் மேடம். திரும்பிப் போறதுக்கு எனக்கு வழியில்ல," என்று புதுசு காலையிலேயே சொல்லியிருந்தாள்.

மேடம் காரணம் கேட்கவில்லை. ஹாலுக்கே தெரிந்த விஷயம்தான். தினமும் டீ இடைவேளையில் மாடிப்படியில் நின்று புதுசு ஒரு நம்பருக்குப் போன் போடுவாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார்கள். எவனோ கைவிட்டுவிட்டான் என்று ஹால் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதி, அவனுக்கு மீசைகூட வரைந்துவிட்டது.

போனில் விளக்கு மினுங்கியது. புதுசு பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம், என்ன உதவி வேணும்?"

இருமல். மேடம் 'கத்தரிக்கோல்!' என்று வாயசைத்து, இரண்டு விரலால் வெட்டிக் காட்டினார்.

வெட்டு விழவில்லை. இன்னொரு இருமல். பிறகு வெடித்தது பாருங்கள், ஹெட்போனே ஓரடி துள்ளியது.

"என்னங்க கம்பெனி நடத்துறீங்க? மனுஷன் எத்தனை தடவைதான் போன் பண்றது? கேக்க நாதியில்லையா?"

புதுசின் முகம் வெளுத்தது. இருந்தாலும் குரல் தடம் மாறவில்லை.

"மன்னிக்கணும் சார். மெஷின்ல என்ன பிரச்சினை?"

"மூடி திறக்க மாட்டேங்குது. நான்தான் கோபத்துல ஓங்கிச் சாத்தினேன். இப்ப எந்தப் பக்கம் பிடிச்சு இழுக்கிறதுன்னே தெரியல."

"இழுக்க வேண்டாம் சார். கொஞ்ச நேரம் விட்டா தானா திறக்கும்."

"உள்ள துணி ஈரத்தோட கிடக்கே!"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது சார். கெட்டித் துணி."

மேடம் தலையாட்டி ஒரு மார்க் போட்டார்.

"மாடல் நம்பர் சொல்லுங்க சார்."

"அழிஞ்சு போச்சு."

"என்ன கலர்?"

"வெள்ளை... இல்ல, பச்சை."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பச்சையில் வாஷிங் மெஷின் அந்தக் கம்பெனி செய்ததே இல்லை.

"முதல்ல மூணு பேர் துணி துவைச்சுது," என்றார் பெரியவர். சத்தம் இறங்கிவிட்டது. "அப்புறம் ரெண்டு பேர். இப்ப ஒத்தை ஆள் துணிதான். ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு சுத்துது. பார்க்கவே சகிக்கல."

புதுசு லேசாகச் செருமினாள்.

"உங்களுக்கு என்ன, தொண்டை கட்டியிருக்கு? வெந்நீர் குடிக்கிறதில்லையா? ஏசிக்கு நேரா உட்கார்ந்துக்கிட்டு..."

"சார்! நாம பேசறது பதிவாகுது," என்று அவசரமாக வெட்டினாள் புதுசு.

"ஆங்... சரிங்க. சரிங்க."

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

மூச்சு மட்டும் வந்து வந்து போனது.

"நாங்களே திருப்பிக் கூப்பிட்டா எடுப்பீங்களா சார்?"

கேட்டுவிட்டுப் புதுசு மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூடி திறக்கட்டும்," என்றார் பெரியவர். "பார்க்கலாம்."

டக்.

புதுசு ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணிலிருந்து சொட்டியது கீபோர்டில் விழுந்தது.

"அட அசடு! இதுக்குப் போய் அழுவாங்களா? திட்டு வாங்கத்தானே நமக்குச் சம்பளம்?" மேடம் முதுகில் தட்டினார். "நீ தேறிட்டே. முப்பது பேரை வெட்டின மனுஷன், உன்கிட்டதான் பொறுமையா பேசியிருக்கார். ஆனா ஒண்ணு, அட்ரஸ் கேக்க மறந்துட்டே பாரு. மெக்கானிக் எங்கே போய் நிப்பாரு?"

"மெக்கானிக் போக வேண்டியதில்ல மேடம்."

"ஏன்?"

புதுசு கீபோர்டைப் புறங்கையால் துடைத்தாள்.

"எங்க வீட்டுல வாஷிங் மெஷினே கிடையாது."