மாத்திரை வாங்கியது யார்?

நாய் சுருளிக்கு இதயப் புழு இருப்பதாக ஆம்பூர் டாக்டர் சொன்னதும், மேகலா கணவன் ஜீவா மீது பாய்ந்தாள்.

"மாசாமாசம் மாத்திரை குடுன்னு தலைபாடா அடிச்சுக்கினேனே! ஷூ கம்பெனியே கதின்னு மறந்துட்டியா? இன்னா ஆளுய்யா நீ!"

ஜீவா பையிலிருந்த காலி மாத்திரை அட்டைகளை எடுத்து டாக்டரிடம் நீட்டினான்.

"தவறாமதான் குடுத்திருக்கீங்க. ஆனா இது வயித்துப் புழு மாத்திரை, இதயப் புழுவைத் தடுக்காது. யாரு வாங்கினது?"

எல்லாம் ஒரே புழு மாத்திரைதானே என்று கடையில் கேட்டு வாங்கியவள் மேகலாதான்.

"நான்தான் சார். தெரியாம வாங்கிட்டேன்" என்றான் ஜீவா.

டாக்டர் அவனைக் கடிந்துகொண்டார். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

"அவரைத் திட்டாதீங்க டாக்டர்" என்றாள் மேகலா, தரையைப் பார்த்தபடி. "வாங்கினது நானு."